ஓப்பன் சோர்ஸ் டூலுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் பைனரி போடணுமா? பில்டு பட்டனை தொடறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல பிரஸ் வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் போன் பண்ணாரு. "தம்பி, நீ அனுப்பின சாப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது, உன் விண்டோஸுக்கு ஒத்துக்காதுன்னு என்னமோ இங்கிலீஷ்ல வருது, நாளைக்கு கோயில் நோட்டீஸ் குடுத்தாகணும்பா." நாங்க மூணு பேரு சனி ஞாயிறுல அல்சூர்ல ஒரு மாடி வீட்ல உக்காந்து எழுதற டூல் அது. திஸ்கி, டாப், பாமினின்னு பழைய எழுத்துருல அடிச்சு வச்ச தமிழ் ஃபைலை எடுத்து யூனிகோடுக்கு மாத்திக் குடுக்கும், அவ்ளோதான், சோர்ஸ் மொத்தமும் ஓப்பன். வண்டியை எடுத்துட்டு நேர்ல போய் பாத்தா அவர் மெஷின் விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். "ஏண்ணா மாத்தலை?"ன்னு கேட்டேன். "பேஜ்மேக்கர் இதுல தான்பா ஒழுங்கா ஓடுது, இருபது வருஷ ஃபைல் இதுக்குள்ள கெடக்கு, எப்படி மாத்தறது?"ன்னாரு. அவர் சொன்னது நியாயம். எங்க டூலே அந்த இருபது வருஷ ஃபைலுக்காக எழுதினது தானே, ஆனா அந்த ஃபைல் இருக்கற மெஷின்ல அது ஓடாது. நாங்க குடுத்தது 64 பிட் பைனரி (சோர்ஸ் கோடை கட்டி, நேரா ஓடற ஃபைலா ஆக்கினது), அதுலயும் ஜன்னல் பட்டன் எல்லாம் வரையற க்யூடி 6 லைப்ரரி வச்சு கட்டினது, க்யூடி 6 விண்டோஸ் 10க்கு கீழ எறங்காது.

அன்னைக்கு திரும்பி வந்து தான் பைனரி பில்டுங்கறதை உருப்படியா பிளான் பண்ண ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் அஞ்சாறு ரிலீஸ் போட்டாச்சு. அதுல கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஆகும்.

முதல்ல ஒரு பேப்பர் எடுங்க, சிஐ (கோடை சர்வர்ல தானா கட்டித் தர ஏற்பாடு) ஸ்கிரிப்ட் எல்லாம் அப்புறம். பேப்பர்ல அஞ்சு கட்டம் போடுங்க: யாரு யூஸ் பண்றாங்க, என்ன ஓஎஸ் எந்த வெர்ஷன், என்ன சிபியு எத்தனை பிட், அந்த மாதிரி மெஷின் நம்ம கைக்கு எட்டுமா, ரிலீஸுக்கு முன்னாடி அதுல ஓட்டிப் பாத்து சொல்றது யாரு. முதல் மூணு கட்டத்தை எல்லாருமே போடுவாங்க. கடைசி ரெண்டு தான் முக்கியம். எங்க பேப்பர்ல முதல் வரி "பிரஸ் அண்ணன், விண்டோஸ் 7, 32 பிட் இன்டெல், கடைக்கு போனா பாக்கலாம், அவர் பையனே ஓட்டிப் பாப்பான்". ரெண்டாவது வரி திருநெல்வேலில ஒரு டீச்சர், அவங்க ஸ்கூல் லேப்டாப்ல இருக்கறது பாஸ் லினக்ஸ், மத்திய அரசோட சிடாக் பண்றது, அடியில டெபியன். மூணாவது என் அக்கா பொண்ணு, எம்1 மேக்புக். நாலாவது நாங்களே, உபுண்டு 24.04. அஞ்சாவதா ஃப்ரீபிஎஸ்டின்னு இன்னொரு ஓஎஸ்ஸையும் ஆசையா எழுதினோம், கடைசி கட்டத்துல எழுத பேர் கிடைக்கல. உடனே அந்த வரியை அடிச்சிட்டோம். எங்க ரூல் இது தான்: ஓட்டிப் பாக்க ஒரு ஆள் பேர் இல்லைன்னா அந்த ஓஎஸ்க்கு பைனரி கிடையாது. கிராஸ் கம்பைல் பண்ணா, அதாவது ஒரு ஓஎஸ்ல உக்காந்து வேற ஓஎஸ்க்கு கட்டினா, பத்து ஓஎஸ்க்கு பத்து ஃபைல் அஞ்சு நிமிஷத்துல வந்துடும், வந்தது ஓடுதான்னு யாருமே பாக்கலைன்னா, அதை இறக்கினவருக்கு நம்ம ப்ராஜெக்ட் மேல இருக்கற நம்பிக்கை அந்த ஒரே டபுள் கிளிக்ல போயிடும், அப்புறம் அவர் திரும்ப வரமாட்டாரு. ஃப்ரீபிஎஸ்டி ஆளுங்களுக்கு சோர்ஸ்ல இருந்து சுத்தமா பில்டு ஆகற மாதிரி வச்சுட்டா போதும், போர்ட்ஸ்ங்கற அவங்க பேக்கேஜ் தொகுப்புல அவங்களே சேத்துக்குவாங்க, நம்ம பைனரியை விட அது அவங்களுக்கு நல்லா பொருந்தும்.

மெஷினுக்கு எங்க போறதுன்னா, பெங்களூருல இருக்கறவங்களுக்கு எஸ்.பி. ரோடு இருக்கவே இருக்கு. பழைய லேப்டாப் ஒண்ணு அங்க வாங்கிட்டு வந்து வச்சிருக்கோம், அது பில்டு பண்றதுக்கு இல்ல, டெஸ்ட்டுக்கு மட்டும். அதுல கம்பைலர் போடக்கூடாது, எஸ்டிகே போடக்கூடாது, ஒண்ணுமே போடக்கூடாதுன்னு மூடி மேல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கோம். டெவலப்பர் மெஷின்ல எல்லாமே ஓடும், ஏன்னா தேவையான டிஎல்எல், லைப்ரரி எல்லாம் எப்பவோ எதுக்கோ இன்ஸ்டால் பண்ணது அங்கயே கெடக்கும். சுத்தமான மெஷின்ல தான் "விசிரன்டைம்140 டிஎல்எல் காணோம்"னு வரும். வாங்க முடியலைன்னா வர்ச்சுவல் மெஷின் போட்டு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவையும் அந்த பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு திரும்பிடலாம். விண்டோஸ் 10, 11 ப்ரோல விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்னு ஒண்ணு கூடவே வருது, ஆன் பண்ணிக்கிட்டா போதும், மூடினா எல்லாம் அழிஞ்சிடும், இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

பேப்பர் ரெடியானதும் அடுத்த கணக்கு, உங்க டூல்செயின் (கம்பைலர், லைப்ரரி எல்லாம் சேந்தது) எந்த பழைய ஓஎஸ் வரைக்கும் கீழ எறங்கும்ங்கறது. இதை நெறைய பேர் பாக்கறதே இல்ல. கோ லாங்குவேஜ்ல எழுதினா 1.20 தான் விண்டோஸ் 7ல ஓடற பைனரி குடுக்கற கடைசி வெர்ஷன், 2023 ஆகஸ்ட்ல வந்த 1.21ல இருந்து விண்டோஸ் 10 வேணும். ரஸ்ட்ல 1.78ல இருந்து அதே கதை. பைத்தான் 3.8 தான் விண்டோஸ் 7க்கு கடைசி. க்யூடி வேணும்னா 5.15க்கு போகணும். அதனால "பழைய மெஷினுக்கும் குடுப்போம்"னு முடிவு பண்றதுங்கறது பழைய கம்பைலரை கட்டிக்கிட்டு அழறதுக்கு ஒத்துக்கறதுன்னு அர்த்தம், அதுல செக்யூரிட்டி ஃபிக்ஸ் எதுவும் வராது. நாங்க என்ன பண்ணோம்னா ஜன்னல் பட்டன் எல்லாம் இருக்கற பெரிய ஆப்பை விண்டோஸ் 10க்கு மேல தான்னு வச்சுட்டு, விண்டோஸ் 7க்கு வெறும் கமாண்ட் லைன் டூலை மட்டும் 32 பிட்ல தனியா கட்டினோம், லினக்ஸ்ல இருந்தே மிங்டபிள்யூ கிராஸ் கம்பைலர் வச்சு. பிரஸ் அண்ணன் ஃபைலை இழுத்து அந்த எக்ஸி மேல போட்டா பக்கத்துலயே யூனிகோட் ஃபைல் வந்து உக்காரும். அவருக்கு அது போதும். ஜன்னல் கூட வேணாம்னுட்டாரு.

இப்ப லினக்ஸ். பைனரி போடறவங்க முக்கால்வாசி பேர் அடி வாங்கறது இங்க தான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

டீச்சருக்கு அனுப்பின முதல் பைனரி "ஜிலிப்சி 2.38 நாட் ஃபவுண்ட்"னு சொல்லிட்டு நின்னுடுச்சு. ஜிலிப்சிங்கறது லினக்ஸ்ல எல்லா ப்ரோக்ராமுக்கும் அடியில இருக்கற சி லைப்ரரி. அதுல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வெர்ஷன் முத்திரை குத்தியிருப்பாங்க. பழைய ஜிலிப்சில கட்டினது புதுசுல ஓடும். ஆனா புதுசுல கட்டினது பழசுல ஓடும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. நீங்க எழுதின கோட்ல புதுசா எதுவும் இல்லாட்டியும் இது நடக்கும். ஜிலிப்சி 2.34 இல்லாட்டி அதுக்கு மேல இருக்கற மெஷின்ல வெறும் ஹலோ வேர்ல்டு கட்டினா கூட, ப்ரோக்ராம் ஆரம்பிக்கற இடத்துலயே 2.34 முத்திரை விழுந்துடும். எங்களுக்கு 2.38 எப்படி வந்துச்சுன்னு தேடினா, எழுத்தை நம்பரா மாத்தற எஸ்டிஆர்டோஎல் ஃபங்ஷன், புது சி ஸ்டாண்டர்டுக்காக அதுக்கு 2.38ல புது முத்திரை குடுத்திருக்காங்க, உபுண்டு 24.04ல இருக்கறது 2.39, அதனால நாங்க கேக்காமலே அது ஒட்டிக்கிச்சு.

இதுக்கு வழி, பழைய ஜிலிப்சி இருக்கற இடத்துல கட்டறது. உங்க மெஷினை பழசாக்க வேண்டாம், டாக்கர் கன்டெய்னர் (உங்க மெஷினுக்குள்ளயே தனியா ஓடற ஒரு குட்டி லினக்ஸ்) போதும். எது எவ்ளோ பழசுன்னு மனசுல வச்சுக்கோங்க: சென்ட்ஓஎஸ் 7ல 2.17, ரெட்ஹேட் 8 குடும்பத்துல 2.28, டெபியன் 10லயும் 2.28, டெபியன் 11லயும் உபுண்டு 20.04லயும் 2.31, ரெட்ஹேட் 9ல 2.34, உபுண்டு 22.04ல 2.35, டெபியன் 12ல 2.36. சென்ட்ஓஎஸ் 7 சப்போர்ட் 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுபோச்சு, அதனால இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கறவங்க அல்மாலினக்ஸ் 8 கன்டெய்னர்ல கட்டினா 2.28ல நிக்கும், பேப்பர்ல இருக்கற லினக்ஸ் மெஷின் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் சரியா வரும். பைத்தான் ஆளுங்களோட மெனிலினக்ஸ் 2.28 இமேஜும் இதே அல்மாலினக்ஸ் 8 மேல தான் நிக்குது, பைத்தான் வீல்ங்கற பேக்கேஜ் கட்டறவங்க சிபில்டுவீல்ங்கற டூலை எடுத்துக்கிட்டா இந்த வேலை பூராவும் அதுவே பாத்துக்கும். இன்னொரு வழி ஜிக் கம்பைலர். அதோட சி கம்பைலர்கிட்ட எந்த ஜிலிப்சி வெர்ஷனுக்கு கட்டணும்னு டார்கெட் பேருலயே சொல்லிடலாம், கன்டெய்னரே வேணாம். கட்டி முடிச்சதும் ஆப்ஜ்டம்ப் வச்சு உள்ள என்னென்ன ஜிலிப்சி முத்திரை இருக்குன்னு பாத்து, நாம சொன்ன வெர்ஷனை தாண்டினா பில்டை ஃபெயில் பண்ற மாதிரி சிஐல ஒரு வரி போட்டு வைங்க. எங்க பில்டுல இதுவரைக்கும் அதிகமா உபயோகப்பட்ட வரி அது தான்.

"ஏன் இவ்ளோ கஷ்டம், மஸல்ங்கற இன்னொரு சி லைப்ரரி வச்சு, எல்லாத்தையும் ஒரே ஃபைலுக்குள்ள அடக்கி ஸ்டாட்டிக்கா கட்டிடலாமே, எங்க வேணா ஓடுமே"ன்னு கேப்பீங்க. நாங்களும் பண்ணோம். ஒரே ஃபைல், எந்த லினக்ஸ்லயும் ஓடுது, சந்தோஷம் தாங்கல. டெஸ்ட் ஓட்டினா திஸ்கி ஃபைல் மட்டும் எதுவுமே மாறல. காரணம் என்னன்னா, திஸ்கில இருந்து மாத்தறதுக்கு நாங்க சொந்தமா எழுதாம, ஜிலிப்சில இருக்கற ஐகான்வ்ங்கற எழுத்து மாத்தற ஃபங்ஷன் கிட்ட விட்டிருந்தோம், ஜிலிப்சிக்கு திஸ்கி தெரியும். மஸலோட ஐகான்வுக்கு தெரியாது. சரி ஜிலிப்சியையே ஸ்டாட்டிக்கா சேக்கலாம்னா, அது இந்த எழுத்து மாத்தற மாட்யூலை எல்லாம் ஓடற நேரத்துல டிஸ்க்ல இருந்து தனித்தனி ஃபைலா எடுக்கும், ஸ்டாட்டிக் பண்ணாலும் அந்த ஃபைல் அங்க இருந்தாகணும். ரெட்ஹேட் 9ல பாத்தா, அதிகம் யூஸ் ஆகாத எழுத்து மாட்யூல் எல்லாம் தனி பேக்கேஜா பிரிச்சு வச்சிருக்காங்க, சின்னதா இன்ஸ்டால் பண்ண மெஷின்ல அது இருக்காது. கடைசில திஸ்கி அட்டவணையை நாங்களே உக்காந்து தட்டி கோட்க்குள்ள வச்சுட்டோம், ரெண்டு ராத்திரி வேலை. அதுக்கப்புறம் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஒரே மாதிரி விடை வருது. பேக்கேஜிங் கஷ்டமா இருந்தா, பேக்கேஜிங் டூலை மாத்தறதுக்கு முன்னாடி கோட் எந்தெந்த வெளி சாமானை நம்பி இருக்குன்னு ஒரு லிஸ்ட் எடுங்க. லினக்ஸ்ல எல்டிடி, மேக்ல ஓடூல், விண்டோஸ்ல டம்ப்பின் இல்லாட்டி டிபென்டன்சீஸ்னு ஒரு டூல் இருக்கு. அதுல வர ஒவ்வொரு பேருக்கும் "இது யூசர் மெஷின்ல கட்டாயம் இருக்குமா, இல்ல நாம கூட அனுப்பணுமா, இல்ல வேணவே வேணாமா"ன்னு பதில் எழுதுங்க. ஐகான்வ் மாதிரி சத்தமில்லாம ஓடற நேரத்துல வர சாமான் இந்த லிஸ்ட்ல தெரியாது, அதை டெஸ்ட் ஃபைல் வச்சு தான் பிடிக்கணும்.

லினக்ஸ்ல எந்த உருவத்துல குடுக்கறது? டார் ஜிஇசட் ஒண்ணு கண்டிப்பா வேணும். ஜன்னல் இருக்கற ஆப்புனா ஃப்ளாட்பேக் நல்லது, ஆப்இமேஜும் குடுக்கலாம். ஆனா பழைய வகை ஆப்இமேஜ் ஃப்யூஸ் 2ங்கற லைப்ரரி கேக்கும், உபுண்டு 22.04ல இருந்து அது தானா வர்றதில்ல, அதை டவுன்லோட் பக்கத்துல எழுதி வைங்க. டெப், ஆர்பிஎம் எல்லாம் ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனித்தனியா நீங்களே உக்காந்து கட்டாதீங்க, ஓப்பன்சூசே பில்டு சர்வீஸ்ல போட்டா டெபியன், ஃபெடோரா, உபுண்டு எல்லாத்துக்கும் அவங்க சர்வர்லயே கட்டித் தராங்க.

விண்டோஸ்ல எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான பிரச்சினை ஒண்ணு இருக்கு, தமிழ்ல டூல் எழுதறவங்க எல்லாரும் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பிரஸ்ல வேலை பாக்கற பொண்ணு அவங்க லேப்டாப்ல யூசர் பேரையே தமிழ்ல "மஞ்சுளா"ன்னு போட்டிருந்தாங்க. அப்ப அவங்க ஃபைல் இருக்கற வழி சி டிரைவ், யூசர்ஸ், மஞ்சுளா. எங்க டூல் "ஃபைல் இல்லை"ன்னு சொல்லுச்சு. ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு. என்ன காரணம்னா, சாதாரண எஃப்ஓப்பன் ஃபங்ஷன் விண்டோஸ்ல அந்த மெஷினோட பழைய கோட் பேஜ்ல தான் பேரைப் படிக்கும், தமிழுக்குன்னு விண்டோஸ்ல அந்த மாதிரி கோட் பேஜே கிடையாது, தமிழ் அங்க யூனிகோட்ல மட்டும் தான். அதனால தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிடும். ரஷ்யனுக்கும் கிரீக்குக்கும் அவங்க ஊர் செட்டிங்ல ஓடிடும், நமக்கு எந்த ஊர் செட்டிங்லயும் ஓடாது. விண்டோஸ் 10, 1903 வெர்ஷன்ல இருந்து ஆப்போட மேனிஃபெஸ்ட் ஃபைல்ல ஆக்டிவ் கோட் பேஜ் யுடிஎஃப்-8னு ஒரு வரி சேத்தா பழைய ஃபங்ஷனே சரியா வேலை செய்யும். விண்டோஸ் 7க்கு அந்த வழி கிடையாது, அகல எழுத்து ஃபங்ஷன் தான் யூஸ் பண்ணணும், மெயினையும் டபிள்யூமெயின் ஆக்கணும். இன்னைக்கு எங்க டெஸ்ட் லேப்டாப்ல விண்டோஸ் யூசர் பேரு "சோதனை", உள்ள இருக்கற ஃபோல்டர் பேரு "பொங்கல் மலர் 2", நடுவுல ஸ்பேஸோட. எந்த ரிலீஸா இருந்தாலும் அதுக்குள்ள வச்சு ஓடினா தான் வெளிய போகும்.

விண்டோஸ்ல மத்ததெல்லாம் சுருக்கமா: 260 எழுத்துக்கு மேல வழி நீண்டா பழைய ப்ரோக்ராம் தடுக்கி விழும், ஆழமா ஃபோல்டர் வைக்காதீங்க. ஃபைல் பேர்ல கோலன் வரக்கூடாது, ஏயுஎக்ஸ், கான் மாதிரி பேரெல்லாம் விண்டோஸுக்கு ஒதுக்கினது, சோர்ஸ்ல அப்படி ஒரு ஃபைல் இருந்தா கிட் செக்அவுட்டே ஆகாது. சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசத்துல மட்டும் ரெண்டு ஃபைல் வைக்காதீங்க, விண்டோஸும் மேக்கும் அதை ஒண்ணுன்னு நினைக்கும். வரி முடிவு பிரச்சினைக்கு கிட் அட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் எல்எஃப் தான்னு எழுதிடுங்க, இல்லைன்னா விண்டோஸ்ல ஜிப் போட்ட ஸ்கிரிப்ட் லினக்ஸ்ல "பேட் இன்டர்ப்ரெட்டர்"னு நிக்கும். கோட் சைனிங், அதாவது இந்த ஃபைலை நாம தான் குடுத்தோம்னு போடற டிஜிட்டல் கையெழுத்து, அது தான் காசு கேக்கும். கையெழுத்து இல்லாத எக்ஸியை விண்டோஸோட ஸ்மார்ட்ஸ்க்ரீன் நீல ஜன்னல் காட்டி தடுக்கும், யூசர் பயந்துடுவாங்க. 2023 ஜூன்ல இருந்து கோட் சைனிங் சாவியை ஹார்ட்வேர்ல தான் வைக்கணும்னு விதி வந்துடுச்சு, அதனால சாவி ஃபைலை சிஐல போட்டு கையெழுத்து போடற பழைய வழக்கம் இனி நடக்காது. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு சைன்பாத் ஃபவுண்டேஷன் இலவசமா கையெழுத்து போட்டுத் தராங்க, நிபந்தனை உண்டு, விண்ணப்பிச்சு பாருங்க.

மேக்ல ரெண்டு சிபியு இருக்கு, பழைய இன்டெல், 2020 நவம்பர்ல இருந்து வந்த எம் சீரிஸ். ரெண்டையும் கட்டி லைப்போங்கற டூல்ல ஒண்ணா சேத்து யுனிவர்சல் பைனரியா குடுத்துடுங்க, எதை இறக்கறதுன்னு யூசர் யோசிக்கவே வேணாம். இன்டெல் மேக்குக்கு மேக்ஓஎஸ் 26 தான் கடைசின்னு ஆப்பிளே சொல்லிட்டாங்க, ஆனா இந்தியாவுல அந்த மெஷின் இன்னும் பல வருஷம் கைமாறி கைமாறி ஓடும், அவசரப்பட்டு விட்டுடாதீங்க. டெப்ளாய்மென்ட் டார்கெட்டை (எந்த மேக்ஓஎஸ் வெர்ஷன்ல இருந்து ஓடணும்ங்கறது) கட்டாயம் செட் பண்ணுங்க, மறந்தா நீங்க கட்டற மேக்ஓஎஸ் வெர்ஷனே அடித்தளமா போயிடும். லைப்ரரி எல்லாம் ஹோம்ப்ரூங்கற பேக்கேஜ் டூல் உங்க மெஷின்ல போட்ட வழியை சுட்டிக்கிட்டு இருக்கும், ஓடூல் போட்டு பாத்து இன்ஸ்டால்நேம்டூல்ல மாத்தணும், மாத்தினா கையெழுத்து செல்லாம போயிடும், அதனால மாத்தி முடிச்சு கடைசியா தான் கையெழுத்து. எம் சீரிஸ் மெஷின்ல குறைஞ்சது அட்ஹாக் கையெழுத்தாவது (கணக்கு இல்லாம நாமளே போட்டுக்கறது) இல்லைன்னா ஓடவே ஓடாது. முறையா நோட்டரைஸ் பண்ண, அதாவது ஆப்பிள்கிட்ட அனுப்பி சரிபாத்து வாங்க, ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வேணும், வருஷத்துக்கு 99 டாலர். சனி ஞாயிறு ப்ராஜெக்ட்டுக்கு அது பெரிய காசு தான். நாங்க மூணு பேர் பங்கு போட்டு கட்டறோம், ஏன்னா மேக்ஓஎஸ் 15ல இருந்து ரைட் கிளிக் பண்ணி திறக்கற குறுக்கு வழியையும் மூடிட்டாங்க, செட்டிங்ஸ் வரைக்கும் போய் அனுமதி குடுக்கணும், அதை ஒரு வயசானவருக்கு போன்ல சொல்லிப் புரிய வைக்கறது ரொம்ப சிரமம். நோட்டரைஸ் ஆன சீட்டை டிஎம்ஜி, பிகேஜி, ஆப் இதுல ஒட்டலாம், தனி கமாண்ட் லைன் ஃபைல்லயோ ஜிப்லயோ ஒட்ட முடியாது, அதனால கமாண்ட் லைன் டூலையும் பிகேஜியா குடுங்க.

மேக்ல தமிழ் ஃபைல் பேருக்கும் ஒரு விசேஷம் இருக்கு. பழைய மேக் டிஸ்க் வகையான ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் ஃபைல் பேரைப் பிரிச்சு தான் எழுதும், "பொங்கல்"ல இருக்கற "பொ"வோட ஒற்றைக்கொம்பும் காலும் ஒரே குறியா இல்லாம ரெண்டு குறியா மாறிடும். கண்ணுக்கு ஒண்ணு தான், பைட் வேற. அங்க போட்ட ஜிப்பை லினக்ஸ்ல பிரிச்சு அதே பேர்ல ஃபைலைத் தேடினா கிடைக்காது. அதனால பேக்கேஜுக்குள்ள போற நம்ம ஃபைல் பேரெல்லாம் வெறும் ஆங்கில எழுத்தும் நம்பருமா வச்சுட்டோம், யூசர் ஃபைல் பேரை ஒப்பிடற இடத்துல ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சிங்கற சேத்து எழுதற யூனிகோட் வடிவத்துக்கு மாத்திட்டு ஒப்பிடறோம்.

லைசென்ஸை கடைசில பாத்துக்கலாம்னு விடாதீங்க, பைனரி குடுக்கும்போது தான் அது உயிரோட எழுந்து வரும். சோர்ஸ் மட்டும் குடுத்தப்போ நம்ம லைசென்ஸ் ஒண்ணு போதும், பைனரிக்குள்ள எத்தனை லைப்ரரி போகுதோ அத்தனை லைசென்ஸும் கூட போகணும். ஜிபிஎல் லைப்ரரி இருந்தா அந்த பைனரிக்கு சரியா பொருந்தற சோர்ஸை இறக்கற வழி அதே இடத்துல இருக்கணும், "மெயின் ப்ராஞ்ச்ல இருக்கு பாத்துக்கோ"ங்கறது பத்தாது. எல்ஜிபிஎல் க்யூடியை டைனமிக்காவே வைங்க, ஸ்டாட்டிக்கா சேத்தா யூசர் மாத்தி லிங்க் பண்ணிக்கற வசதியும் நாம தான் குடுக்கணும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கூட அனுப்பினா அதோட ஓஎஃப்எல் லைசென்ஸ் ஃபைலும் சேந்து போகணும்.

இதெல்லாம் முடிவானப்புறம் சிஐ. கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல பப்ளிக் ப்ராஜெக்ட்டுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணு ரன்னரும் காசில்லாம கிடைக்குது, லினக்ஸ் ஆர்ம் 64ம் வந்துடுச்சு. ரன்னர் பேர்ல "லேட்டஸ்ட்"னு எழுதாதீங்க, ஒரு நாள் ராத்திரி அவங்க உபுண்டுவை மாத்துவாங்க, காலைல உங்க பைனரி பழைய மெஷின்ல நிக்கும். வெர்ஷன் நம்பரை எழுதுங்க, கன்டெய்னர் இமேஜையும் டைஜஸ்ட் (அந்த இமேஜோட கைரேகை மாதிரி) போட்டு கட்டிப் போடுங்க. ரிலீஸ் ஃபைல் எதையும் யாரோட லேப்டாப்லயும் கட்டக்கூடாது, கிட்ல டேக் (வெர்ஷன் பேர்) போட்டதும் சிஐ தான் கட்டணும், சோர்ஸ் டார் ஃபைல் உட்பட. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்கற டூலோட 5.6.0, 5.6.1ல கண்டுபிடிச்ச பின்வாசல் நினைவிருக்கும். அதைக் கிளப்பிவிடற துண்டு கிட்ல இல்ல, ரிலீஸ் டார் ஃபைல்ல மட்டும் இருந்துச்சு. யாராவது ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கற மாதிரி நாம வச்சிருக்கணும். முடிஞ்சா சோர்ஸ் டேட் எபோக்ங்கற மாறியில பில்டு நேரத்தை ஒரே நேரமா செட் பண்ணி, ரெண்டு தடவை கட்டினா ஒரே பைட் வருதான்னு பாருங்க. முதல் தடவை வராது, உள்ள எங்கயாவது பில்டு பண்ண நேரமோ ஃபோல்டர் வழியோ ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒவ்வொண்ணா எடுங்க. டீபக் சிம்பல்ஸை (க்ராஷ் ஆன இடம் கோட்ல எதுன்னு காட்டற தகவல்) பைனரில இருந்து பிரிச்சு தனியா பத்திரமா வைங்க, ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் க்ராஷ் அனுப்பும்போது அது இல்லைன்னா ஒண்ணும் புரியாது.

ஃபைல் பேர் வைக்கறதுலயும் கவனம் வேணும். முதல்ல நாங்க "ஏஎம்டி64", "டார்வின்"னு வச்சோம், முதல் பேர் 64 பிட் இன்டெலுக்கும் சேத்து தான், ரெண்டாவது மேக். "தம்பி, என்கிட்ட இருக்கறது இன்டெல், ஏஎம்டி இல்ல, எனக்கு எது?"ன்னு மூணு பேர் கேட்டாங்க. அவங்க கேட்டது சரி, பேர் வச்ச நாங்க தான் தப்பு. இப்ப டவுன்லோட் பக்கத்துல "விண்டோஸ் 10, 11", "விண்டோஸ் 7, பழைய கம்ப்யூட்டர்", "மேக், எல்லா மாடலும்", "லினக்ஸ், சாதாரண லேப்டாப்", அவ்ளோ தான் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, இறக்கின ஃபைல் மாறலையான்னு சரிபாக்க ஷா256 செக்சம். ஒரு தடவை மேல ஏத்தின ஃபைலை அதே பேர்ல மாத்தி ஏத்தாதீங்க, ஒரே ஒரு எழுத்து திருத்தினாலும் அடுத்த வெர்ஷன் நம்பர். விங்கெட், ஹோம்ப்ரூ மாதிரி சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற இடங்கள்ல செக்சம் எழுதி வச்சிருப்பாங்க, மாத்தினா அங்க எல்லாருக்கும் இன்ஸ்டால் உடையும்.

நாள் கணக்கு எங்களுக்கு இப்படி வருது. வெள்ளி ராத்திரி கோட் நிப்பாட்டி ரிலீஸ் கேண்டிடேட் (வெளியிடறதுக்கு முன்னாடி சோதிக்கற வெர்ஷன்) டேக் போடறோம். சனி காலைல சிஐ கட்டின ஃபைலை டிராஃப்ட்ல வச்சுட்டு, பேப்பர்ல இருக்கற நாலு பேருக்கும் லிங்க் அனுப்பறோம், கூடவே மூணே மூணு வேலை சொல்றோம்: திறங்க, இந்த திஸ்கி ஃபைலை மாத்துங்க, தமிழ் பேர் இருக்கற ஃபோல்டர்ல சேவ் பண்ணுங்க. ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள நாலு பதிலும் வந்தா அதே கமிட்டுக்கு ரிலீஸ் டேக் போட்டு பப்ளிஷ். ஒருத்தர்கிட்ட இருந்து வரலைன்னா அந்த ஓஎஸ் ஃபைலை மட்டும் எடுத்துட்டு மத்ததை விடறோம், அது பின்னாடி அடுத்த வெர்ஷன்ல சேரும். பப்ளிஷ் பண்ணதும் டிராஃப்ட்ல பாத்தாச்சேன்னு விடாம, சிஐல இருந்து இல்லாம பப்ளிக் லிங்க்ல இருந்தே பிரவுசர்ல இறக்கி ஒரு தடவை ஓட்டிடுங்க. பிரவுசர்ல இறக்கினா தான் மேக்ல குவாரன்டைன் குறியும் விண்டோஸ்ல இன்டர்நெட் குறியும் ஃபைல்ல ஒட்டும், தடுக்கற ஜன்னல் எல்லாம் அப்ப தான் வெளிய வரும், பென் டிரைவ்ல காப்பி பண்ணி ஓட்டினா அது எதுவுமே தெரியாது.